கடல் கடந்த குஸ்குஸ்: வட ஆப்பிரிக்கச் சமையல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிசின் லா ஷப்பெல் பகுதியில் உள்ள தமிழ்க் கடைகளிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் பார்பெஸ் வந்துவிடும். இந்தப் பக்கம் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் விற்கும் தெரு. அந்தப் பக்கம் கொத்துக் கொத்தாகப் புதினாவும் பேரீச்சங்குலையும் விற்கும் தெரு. இவ்வளவு அருகில் வாழ்ந்தும் மக்ரிப் நாட்டவரின் உணவைப் பற்றி நம்மவரிடையே பல தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. மொரோக்கோ, அல்ஜீரியா, துனீசியா, லிபியா, மொரிட்டானியா ஆகிய நாடுகளைச் சேர்த்தே மக்ரிப் என்கிறோம். உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். குஸ்குஸையே மையமாக வைத்திருக்கிறேன். மக்ரிப் சமையல் வெளிநாட்டில் எதை இழந்தது, எதைக் காத்தது என்பதை அந்த ஒரே உணவைக் கொண்டு பெரும்பாலும் விளங்கிக்கொள்ள முடியும் என்பது என் எண்ணம்.

குஸ்குஸ் என்பது நம் ரவைதானே?

ரவையால் செய்யப்படுவது, ஆனால் ரவை அன்று. டூரம் என்னும் கடினக் கோதுமையின் ரவைமீது உப்பு நீரைத் தெளித்து, நுண்ணிய மாவைத் தூவி, உள்ளங்கையால் உருட்டி உருட்டி உண்டாக்கும் சிறு மணிகளே குஸ்குஸ். ஒவ்வொரு மணியின் உள்ளேயும் ஒரு ரவைத்துகள் கருவாக இருக்கும். அதைச் சுற்றி மாவு போர்த்தியிருக்கும்.

நான் முன்பு குடியிருந்த கட்டடத்தில் அல்ஜீரியாவின் கபிலியா மலைப்பகுதியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். ஒரு கோடைக்கால முற்பகலில் அவர் வீட்டுக் கூடத்தில் விரிப்பின்மீது அமர்ந்து, கால்களை நீட்டி, அவற்றுக்கு நடுவே அகன்ற மரத்தட்டை வைத்துக்கொண்டு குஸ்குஸ் உருட்டியதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். விரல்களை விரித்த நிலையில் வலது கை தட்டின்மேல் வட்டமாகச் சென்றுகொண்டே இருந்தது, அழுத்தமே இல்லை. இடது கை அவ்வப்போது கிண்ணத்தில் நனைந்து, விரல் நுனியால் நீரை உதறியது. சற்று நேரத்தில் மாவு மணிகளாகத் திரண்டது. பிறகு அவற்றை வெவ்வேறு கண்ணளவு கொண்ட மூன்று சல்லடைகளில் மாற்றி மாற்றிச் சலித்தார். பெரியவற்றை உடைத்து மீண்டும் தட்டில் போட்டார், தூளாக விழுந்ததற்கு மீண்டும் நீர் தெளித்தார். புட்டுக்கு மாவு பிசறும் பக்குவம் தெரிந்த கைகளுக்கு இந்த வேலை அந்நியமாகத் தோன்றாது. ஆனால் புட்டு மாவு உதிர்ந்தாலே போதும். குஸ்குஸ் மணியோ தனித்தனியாக உருண்டு திரண்டு நிற்க வேண்டும்.

அல்ஜீரியாவின் பல பகுதிகளில் இதற்கு வழங்கும் பெயர் 'தஆம்'. அரபு மொழியில் அதன் பொருள் உணவு. நாம் சாப்பாடு என்றாலே சோறு என்று கொள்வதைப் போல, அவர்களுக்கு உணவு என்றாலே குஸ்குஸ்.

அதை ஏன் இரண்டு மூன்று முறை ஆவியில் வேக வைக்க வேண்டும்?

மணி குழையாமல் உப்ப வேண்டும் என்பதற்காகத்தான். நீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் மேலுள்ள மாவு கரைந்து கூழாகிவிடும். ஆவியிலோ ஈரம் சிறிது சிறிதாகவே உள்ளே செல்கிறது. முதல் முறை வெந்ததும் மணிகளைத் தட்டில் கொட்டி, கட்டிகளை உதிர்த்து, நீர் தெளித்து, எண்ணெயோ வெண்ணெயோ தடவி, சற்று ஆறவிட்டு மீண்டும் ஆவியில் ஏற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் மணி சிறிது நீரை வாங்கிப் பெருக்கும். இறுதியில் கிடைப்பது இலேசான, வயிற்றில் கனக்காத உணவு.

பாத்திரம் இரண்டு அடுக்குகளைக் கொண்டது. கீழ் அடுக்கில் இறைச்சியும் காய்கறிகளும் கொண்டைக்கடலையும் கொதிக்கும். துளைகளிட்ட மேல் அடுக்கில் குஸ்குஸ் வேகும். இரண்டும் பொருந்தும் இடத்தில் ஆவி கசியாதிருக்க, மாவுக் கரைசலில் நனைத்த துணிப் பட்டையைச் சுற்றிக் கட்டுவார்கள். கீழே கொதிக்கும் குழம்பின் மணத்தோடு ஆவி மேலே ஏறுவதால், குழம்பை ஊற்றும் முன்பே மணிகளுக்கு ஒரு சுவை வந்திருக்கும்.

மக்ரிப் முழுவதும் ஒரே மாதிரியான குஸ்குஸ்தானா?

அப்படிச் சொல்ல முடியாது. மொரோக்கோவில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் வரும் மதிய உணவு இது. ஃபெஸ் நகரத்து முறையில் ஏழு வகைக் காய்கறிகள் சேரும். வெங்காயத்தையும் உலர்ந்த திராட்சையையும் பட்டைத் தூளோடு பாகு போல வதக்கி மேலே வைக்கும் 'த்ஃபாயா' என்ற வகையும் உண்டு. அல்ஜியர்ஸ் நகரில் தக்காளி சேர்க்காத வெள்ளைக் குழம்பை விரும்புவோர் பலர். வேறு ஊர்களில் சிவப்புக் குழம்பு. துனீசியர் தக்காளி விழுதையும் ஹரிஸா மிளகாய் விழுதையும் தயங்காமல் சேர்ப்பார்கள். கடலோரத்தில் மீன் குஸ்குஸே பெருமைக்குரியது. கபிலியாவில் காய்கறிகளையும் ஆவியிலேயே வேகவைத்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றிக் கலந்து உண்ணும் குழம்பில்லாத வகை உண்டு. வாற்கோதுமையில் செய்வதும் பரவலாக உள்ளது. பட்டைத் தூளும் சர்க்கரையும் தூவிய இனிப்பு வகையும் உண்டு. அதன் பெயர் 'செஃப்பா'.

பிரான்சுக்கு இது எப்படி வந்தது?

மூன்று வழிகளில் வந்தது. மூன்றையும் பிரித்துப் பார்க்காவிட்டால் பிரான்சின் குஸ்குஸ் ஏன் இன்றைய வடிவத்தில் இருக்கிறது என்பது விளங்காது.

முதலில் வந்தவர்கள் தொழிலாளர்கள். அல்ஜீரியாவைப் பிரான்ஸ் 1830இல் கைப்பற்றத் தொடங்கியது. துனீசியா 1881இலும் மொரோக்கோ 1912இலும் அதன் பாதுகாப்பு நாடுகளாயின. இருபதாம் நூற்றாண்டில் தொழிற்சாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் கட்டுமான வேலைகளுக்கும் வந்தவர்கள் பெரும்பாலும் தனி ஆண்கள். ஊரில் குஸ்குஸ் உருட்டியவர்கள் பெண்கள்; இங்கே வந்த ஆண்களுக்கு அந்தக் கைப்பழக்கம் இல்லை. ஆகவே கபிலியர் நடத்திய சிறு கஃபேக்களே அவர்களுக்கு அடுக்களையாயின. வட ஆப்பிரிக்க உணவு பாரிசில் முதலில் வேரூன்றிய இடம் வீடு அன்று, கஃபே.

இரண்டாவது வழி 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றபோது திறந்தது. அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த ஐரோப்பியரும், 1870 முதல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றிருந்த யூதருமாக ஏறத்தாழ 8 லட்சம் பேர் குறுகிய காலத்தில் பிரான்சுக்கு வந்து சேர்ந்தனர். துனீசியாவிலிருந்தும் மொரோக்கோவிலிருந்தும் யூதர்கள் வந்தனர்; பாரிசின் பெல்வில் பகுதியில் துனீசிய யூதர்களின் உணவகங்கள் பெருகின. வாங்கும் வசதியும் ஏக்கமும் ஒருங்கே கொண்டிருந்த இந்த மக்களால்தான் குஸ்குஸ் உணவகம் என்ற வகை நாடு முழுவதும் பரவியது.

மூன்றாவது வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1976ஆம் ஆண்டின் ஆணையின்படி குடும்பத்தினரை அழைத்துக்கொள்ளும் உரிமை முறைப்படுத்தப்பட்டது. மனைவியரும் அன்னையரும் வந்த பிறகுதான் மரத்தட்டும் சல்லடையும் வந்தன. உணவகக் குஸ்குஸ் அதற்கு முன்பே தன் வடிவத்தை எடுத்துவிட்டிருந்தது. வீட்டுக் குஸ்குஸ் அதன் அருகே தனி வழியில் வளர்ந்தது. இன்றும் பிரான்சில் இவை இரண்டும் இருவேறு உணவுகள் என்றே நான் கருதுகிறேன்.

'குஸ்குஸ் ரோயால்' என்பது அரச குடும்பத்து உணவா?

இல்லை, அது பிரெஞ்சு உணவகங்களில் பிறந்த தட்டு. ஆட்டிறைச்சி, கோழி, மெர்கேஸ் என்னும் காரமான சிவப்புத் தொத்திறைச்சி, சில இடங்களில் உருண்டைக் கறி, இவை எல்லாம் ஒரே வேளையில் பரிமாறப்படும். மக்ரிப் வீடுகளில் ஒரு குஸ்குஸுக்கு ஒரு இறைச்சி என்பதே வழக்கம். அந்த இறைச்சியும் கீழ்ப் பானையில் குழம்போடு வெந்ததாக இருக்கும். மெர்கேஸ் நெருப்பில் சுட்டு ரொட்டியில் வைத்து உண்ணும் பண்டம். அதைக் குஸ்குஸ்மேல் வைப்பது அங்குள்ள பலருக்கு விந்தையாகத் தோன்றும்.

பரிமாறும் முறையும் மாறிவிட்டது. அங்கே பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி அனைவரும் அமர்ந்து, அவரவர் தம் பக்கத்திலிருந்து உண்பார்கள். பிரெஞ்சு உணவகத்தில் மணி ஒரு பாத்திரத்தில், காய்கறிக் குழம்பு இன்னொன்றில், இறைச்சி வேறொரு தட்டில், கொண்டைக்கடலையும் உலர்ந்த திராட்சையும் சிறு கிண்ணங்களில் வரும். ஒரு கரண்டிக் குழம்பில் ஹரிஸாவைக் கரைத்து, வேண்டியவர் மட்டும் ஊற்றிக்கொள்வார்கள். கூடவே மொரோக்கோ அல்லது அல்ஜீரிய ஒயின் புட்டி ஒன்றும் மேசைக்கு வரும்.

இந்தத் தட்டை இழிவாகப் பேசுவோருடன் நான் உடன்படவில்லை. அயலார் பலருக்கு மக்ரிப் உணவுடன் ஏற்பட்ட முதல் அறிமுகம் அதுவே. பல குடும்பங்கள் அதை விற்றுத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தன. என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அடுத்த கேள்வியில் அதைச் சொல்கிறேன்.

பொட்டலத்தில் '5 நிமிடம்' என்று எழுதியிருக்கிறதே, அது சரியில்லையா?

பொட்டலக் குஸ்குஸ் ஆலையில் இயந்திரத்தால் உருட்டப்பட்டு, ஒருமுறை ஆவியில் வெந்து, உலர்த்தப்பட்டது. அதில் தவறில்லை, மக்ரிப் நாடுகளிலேயே நகரத்துக் குடும்பங்கள் பல ஆலைக் குஸ்குஸைத்தான் வாங்குகின்றன. வேலைக்குச் செல்லும் பெண்ணிடம் ஆண்டுக்குத் தேவையானதைக் கோடையில் உருட்டிக் காயவைத்துக்கொள் என்று யாரும் சொல்ல முடியாது. அதற்குரிய மொட்டைமாடி வெயிலும் பாரிசின் ஐந்தாம் மாடி வீட்டில் கிடையாது.

வருத்தம் என்னவென்றால், அந்தப் பொட்டலத்தின்மேல் வெந்நீரை ஊற்றி மூடிவைத்தால் போதும் என்ற குறிப்புதான். அப்படிச் செய்த மணி நீரை ஒரே மூச்சில் குடித்து, வெளியே ஈரமாகவும் உள்ளே கனமாகவும் நிற்கும். உண்டபின் வயிற்றில் மேலும் உப்பும். அதே பொட்டலக் குஸ்குஸை அந்த மூதாட்டி இரண்டு முறை ஆவியில் ஏற்றிப் பரிமாறியபோது அது வேறு தானியம் போலிருந்தது. இறைச்சி மாறலாம், காய் மாறலாம், தட்டு மாறலாம். ஆவி போய்விட்டால் குஸ்குஸ் போய்விடுகிறது. புலம்பெயர்ந்த ஒரு குஸ்குஸ் எவ்வளவு உண்மையானது என்று அறிய நான் அதன்மேல் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. அடியிலுள்ள மணியை நாவில் வைத்துப் பார்க்கிறேன்.

மெர்கேஸ், ஹரிஸா, பிரிக் போன்றவை வெளிநாட்டில் என்ன ஆயின?

மெர்கேஸ் முழுக்கப் பிரெஞ்சுப் பண்டமாகிவிட்டது. நீள ரொட்டியைப் பிளந்து மெர்கேஸும் உருளைக்கிழங்குப் பொரியலும் வைத்து, கால்பந்து மைதான வாசலிலும் தொழிற்சங்க ஊர்வலங்களின் ஓரத்திலும் விற்கிறார்கள். பிரான்சில் ஊர்வலம் என்றால் முழக்கத்தோடு மெர்கேஸ் புகையும் சேர்ந்தே வரும்.

ஹரிஸா என்பது உலர்ந்த மிளகாய், பூண்டு, கொத்தமல்லி விதை, கேரவே விதை, உப்பு, ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றை அரைத்த துனீசிய விழுது. நபேல் நகரை உள்ளடக்கிய கப் போன் தீபகற்பம் அதன் மிளகாய்க்குப் பெயர்பெற்றது. தகர டப்பாவிலும் பற்பசை போன்ற குழாயிலும் அடைக்கப்பட்டு அது ஐரோப்பிய அங்காடிகள் அனைத்திலும் புகுந்துவிட்டது. வீட்டில் அரைத்ததில் கேரவேயின் மணம் தூக்கலாக இருக்கும். குழாயில் வருவதில் பெரும்பாலும் காரம் மட்டுமே எஞ்சுகிறது.

பிரிக் என்பது துனீசியாவின் மெல்லிய மாவிதழில் முட்டையை உடைத்து ஊற்றி, மடித்துப் பொரிக்கும் பண்டம். வியப்பு என்னவென்றால், பிரான்சில் உள்ளீடு பின்தங்கி இதழ் முன்னே வந்துவிட்டது. வட்ட இதழ்கள் தாள் இடையிட்டு அடுக்கிய பொட்டலங்களாக எல்லா அங்காடிகளிலும் கிடைக்கின்றன. ஆட்டுப்பால் சீஸும் தேனும் வைத்துச் சுருட்டும் பிரெஞ்சுக் குடும்பங்களில் பலர் அந்த இதழின் ஊரை அறிய மாட்டார்கள்.

துனீசியத் 'தஜீன்' கேட்டால் முட்டை அடை போன்ற ஒன்று வருகிறதே?

அது சரியானதே. மொரோக்கோவில் தஜீன் என்பது கூம்பு மூடியிட்ட மண்சட்டியும் அதில் மெல்ல வேகும் உணவும். துனீசியாவில் அதே பெயர் முட்டை, இறைச்சி, சீஸ் சேர்த்துச் சுட்ட, துண்டுபோடும் பண்டத்தைக் குறிக்கும்.

பிரான்சுக்கு முன்பே குஸ்குஸ் வேறெங்கும் சென்றதுண்டா?

நிச்சயமாக உண்டு, இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தலூசியா எனப்பட்ட, முஸ்லிம் ஆட்சியிலிருந்த ஸ்பெயினின் 13ஆம் நூற்றாண்டுச் சமையல் நூல்களிலேயே குஸ்குஸ் செய்முறை இருக்கிறது. பின்னர் ஸ்பெயினில் சமய விசாரணை மன்றங்கள் முஸ்லிம் வழிவந்தோரைச் சோதித்தபோது, குஸ்குஸ் உண்பதே அவர்கள் பழைய சமயத்தைக் கைவிடவில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. ஒரு தட்டு உணவுக்காக மக்கள் அஞ்சி வாழ்ந்த காலம் அது.

சிசிலித் தீவின் மேற்கு முனையிலுள்ள திரப்பானி நகரில் மீன் குஸ்குஸ் இன்றும் ஊர் உணவு. அப்பகுதி மீனவர்கள் துனீசியக் கடலோடு நெடுங்கால உறவு கொண்டவர்கள். மெருகிட்ட அகன்ற மண்தட்டில் ரவையைக் கையால் உருட்டி, பானைகளின் பொருத்தை மாவால் அடைத்து, ஆவியில் வேகவைத்து, பலவகை மீன்களின் சாற்றை ஊற்றி ஊறவிடுகிறார்கள். இறைச்சி இல்லை, மக்ரிப் மசாலா இல்லை, மொழியும் சமயமும் வேறு. ஆனாலும் உருட்டும் கையும் ஆவியும் அப்படியே இருக்கின்றன. அருகிலுள்ள சான் வீத்தோ லோ காப்போ என்னும் ஊரில் 1998 முதல் குஸ்குஸ் விழா நடைபெற்று வருகிறது. துனீசியாவின் தபர்க்கா தீவில் பவளம் எடுத்து வாழ்ந்த ஜெனோவா வழிவந்தோர் 1738இல் சார்டினியாவை அடுத்த சிறு தீவில் கார்லோஃபோர்த்தே என்ற ஊரை அமைத்தபோது, குஸ்குஸையும் கொண்டுசென்றார்கள். அங்கே அதன் பெயர் 'கஸ்கா'.

போர்த்துக்கீசியர் வழியாகப் பிரேசிலுக்குச் சென்றது இன்னும் தொலைவு விலகியது. கோதுமை விளையாத வடகிழக்குப் பகுதியில் மக்காச்சோளம் அதன் இடத்தைப் பிடித்தது. சோளக் குருணையை நனைத்து, ஆவியில் அடையாக வேகவைத்து, வெண்ணெயோடு காலை உணவாக உண்கிறார்கள். தானியம் மாறியது, வடிவம் மாறியது. ஆவியும் 'குஸ்குஸ்' என்னும் பெயரும் நிலைத்தன.

'இஸ்ரேலியக் குஸ்குஸ்' என்று பெரிய மணிகளாக விற்கிறார்களே?

அது குஸ்குஸ் அன்று. 1950களில் அரிசித் தட்டுப்பாட்டின்போது இஸ்ரேலில் ஆலையில் தயாரிக்கப்பட்ட, சூட்டில் வறுத்த பாஸ்தா வகை அது. அங்கே அதன் பெயர் 'ப்திதிம்'. உண்மையான குஸ்குஸை அந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் மொரோக்கோ, துனீசியா, லிபியா ஆகிய நாடுகளின் யூதர்கள். திரிப்போலி யூதர்களின் காரமான மீன் குழம்பான 'ஹ்ரைமே'யும், தக்காளிக் குழம்பில் முட்டையை உடைத்து வேகவைக்கும் 'ஷக்ஷூகா'வும் அவர்களோடு வந்தவையே. இன்று உலகின் பல காலை உணவகங்களில் ஷக்ஷூகாவை இஸ்ரேலிய உணவு என்றே எழுதிவைக்கிறார்கள். வட ஆப்பிரிக்காவின் பெயரையும் உடன் எழுதுவதே நேர்மை என்று நான் நினைக்கிறேன்.

மாறாத மூல வடிவம் என்று ஒன்று தாயகத்திலாவது உண்டா?

அப்படி ஒன்றைத் தேடுவது வீண். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. 16ஆம் நூற்றாண்டுக்கு முன் ஹரிஸாவும் இல்லை, சிவப்புக் குழம்பும் இல்லை. மொரோக்கோவின் அடையாளமாகிய புதினாத் தேநீரில் உள்ள பச்சைத் தேயிலை சீனத்தினுடையது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய வணிகர்கள் வழியாகவே அது அங்கே பரவலாயிற்று.

வெளிநாட்டில் பிறந்தது தாயகத்துக்குத் திரும்புகிறதா?

திரும்புகிறது. லியோன், கிரெனோபிள் நகரங்களைச் சுற்றி, பெரும்பாலும் மக்ரிப் வழிவந்தோரின் கடைகளில் உருவானது பிரெஞ்சு 'தக்கோஸ்'. மெல்லிய ரொட்டியில் இறைச்சி, உருளைக்கிழங்குப் பொரியல், சீஸ் குழம்பு ஆகியவற்றை வைத்து மடித்து, இரும்புத் தட்டில் அழுத்திச் சுடுவார்கள். பெயர் மெக்சிகோவினுடையது, பண்டத்துக்கும் மெக்சிகோவுக்கும் தொடர்பு மிகக் குறைவு. இன்று மொரோக்கோ நகரங்களில் இளைஞர் வரிசையில் நின்று வாங்கும் உணவு இது.

குஸ்குஸ் எந்த நாட்டுக்குச் சொந்தம்?

இதைப் பற்றிய வழக்கு அந்நாட்டவரிடையே நெடுநாள் இருந்தது. 2020 டிசம்பரில் அல்ஜீரியா, மொரிட்டானியா, மொரோக்கோ, துனீசியா ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து விண்ணப்பித்து, குஸ்குஸ் செய்யும் அறிவும் உண்ணும் வழக்கமும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. அரசியலில் இணங்காத அண்டை நாடுகள் ஒரே தாளில் கையெழுத்திட்டன என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த செய்தி. ஹரிஸா 2022இல் துனீசியாவின் பெயரில் இடம்பெற்றது.

குஸ்குஸ் பாத்திரம் இல்லாமல் நம் வீட்டில் செய்ய முடியுமா?

இட்லிப் பானை போதும். அரைக்கிலோ பொட்டலக் குஸ்குஸை அகன்ற தட்டில் கொட்டி, இரண்டு தேக்கரண்டி ஆலிவ் எண்ணெய் விட்டு, எல்லா மணிகளிலும் படும்படி உள்ளங்கையால் தேயுங்கள். ஒரு தம்ளர் உப்பு நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, பத்து நிமிடம் விட்டு உதிர்த்துவிடுங்கள். ஈரத் துணி விரித்த தட்டில் அழுத்தாமல் பரப்பி, ஆவி மேலே வரத் தொடங்கியதிலிருந்து கால் மணி நேரம் வேகவையுங்கள். பானையை மூட வேண்டாம். மூடியில் சேரும் நீர் சொட்டினால் மணி கட்டிபிடித்துவிடும். எடுத்துக் கொட்டி, கரண்டியால் பரப்பி, கை பொறுக்கும் சூட்டில் கட்டிகளை உதிர்த்து, இன்னொரு தம்ளர் நீர் தெளித்து மீண்டும் ஒருமுறை ஏற்றுங்கள். இறுதியில் ஒரு துண்டு வெண்ணெயைப் போட்டுக் கலந்து, ஒரு பிடி அள்ளி விரல்களுக்கிடையே விட்டுப் பாருங்கள்: ஒட்டாமல் தனித்தனி மணியாக விழுந்தால் குழம்பை ஊற்றலாம், கட்டியாக விழுந்தால் மீண்டும் உதிர்த்து மூன்றாம் முறை ஏற்றுங்கள்.